அம்மாவிடம் தங்காத பிற்பகல்

எண்பதுகளின் தொடக்கம், எனக்குப் பத்து வயது. ஒரு சனிக்கிழமை காலை, மீன் வாங்கப் பசாருக்குப் போய்த் திரும்பிய அம்மாவின் சைக்கிளைக் குயின் ஸ்ட்ரீட் முனையில் ஒரு மோட்டார் சைக்கிள் இடித்துவிட்டது. எலும்பு எதுவும் உடையவில்லை, தலையில்தான் அடி. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பயமில்லை, இரண்டு நாள் இருக்கட்டும் என்றார்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டிரு என்று என்னை அம்மா பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு அப்பா மருந்து வாங்கப் போனார்.

"நான் ஏன் இங்க இருக்கேன்?" என்று அம்மா கேட்டாள்.

"மோட்டார் இடிச்சிருச்சும்மா."

"அய்யோ! மீன் வாங்கினேனே, அது எங்க?"

ஐந்து நிமிடம் கழித்து அதே கேள்வி, அதே அய்யோ, அதே மீன். ஆனால் தன் கல்யாணத்தன்று பெய்த மழையை ஒரு துளி விடாமல் சொன்னாள். ஆறாவது முறை கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. அம்மா இப்படியே இருந்துவிடுவாளோ?

சாதாரணப் பதில் என்பதால்தான் தங்கவில்லை, கோபம் வந்தால் மறக்கமாட்டாள் என்று என் புத்திக்குப் பட்டது. மூன்று வாரமாக மறைத்து வைத்திருந்ததை எடுத்தேன்.

"ரிப்போர்ட் கார்டுல ஒங்க கையெழுத்த நாந்தான் போட்டேன்மா. கணக்குல ஃபெயில்."

அம்மா எழுந்து உட்காரப் பார்த்தாள். "கழுதை! கள்ளக் கையெழுத்தா போட்ட?" ஓங்கிய கை என் தலையில் வந்து நின்றது. "பயந்துட்டியா? எங்கிட்ட சொல்லியிருக்கலாம் லா."

அப்பாடா என்றிருந்தது. இனி மறக்கமாட்டாள்.

"நான் ஏன் இங்க இருக்கேன்?" என்றாள் அம்மா.

மாலைக்குள் இன்னும் இரண்டு முறை ஒப்புக்கொண்டேன். இரண்டு முறையும் கழுதை; இரண்டு முறையும் தலையில் கை.

மறுநாள் காலை அப்பாவும் நானும் போனபோது அம்மா கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். "மோட்டார்க்காரன் இடிச்சிட்டானாமே, நர்ஸ் சொன்னா" என்றாள். காத்திருந்தோம். பத்து நிமிடமாயிற்று, திரும்பக் கேட்கவில்லை. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்து நான் என்னா சொன்னேன், ஞாபகம் இருக்காம்மா?"

"நீ நேத்து வந்தியா?"

அம்மாவும் பிழைத்தாள், நானும் பிழைத்தேன். துள்ளிக்கொண்டு வீடு திரும்பினேன்.

அம்மா மறந்துவிட்டாள் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். பிற்பாடு உயிர்வேதியியல் படிக்கப்போன இடத்தில்தான் விஷயம் தெரிந்தது. ஒரு நினைவு நிலைக்க வேண்டுமானால், மூளையின் நரம்பணுக்கள் சந்திக்கும் இடங்களில் புதிய புரதங்கள் உருவாகி அந்த இணைப்பை இறுக்க வேண்டும். கல்யாணத்து மழை என்றோ இறுகிவிட்டது. அடிபட்ட அந்தப் பிற்பகலில் அம்மாவுக்குள் அந்த வேலை நடக்கவே இல்லை. மறப்பதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை. என்னை மூன்று முறை மன்னித்தது அவளுக்குத் தெரியவே தெரியாது, அதை வைத்திருப்பவள் நான் ஒருத்திதான் என்பது பத்து வயதில் எனக்குப் புரியவில்லை.