சுடுவது தெரியாத கை

கஜலக்ஷ்மியின் இடது கை சட்டி விளிம்பில் பட்டு வெந்துகொண்டிருந்ததை முதலில் அறிந்தது பக்கத்து வீட்டுப் பஸீனாவின் மூக்குத்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் தகர வேலி மட்டும். "அக்கா, என்னத்தக் கருக விட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் குசினி வாசலில் நின்று அலறினாள். கஜலக்ஷ்மி திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். தோல் வெளுத்துச் சுருண்டிருந்தது. நோகவில்லை. வேறு யாருடையதோ போலிருந்த அந்தக் கையை வலது கையால் தூக்கித் தண்ணீருக்குள் வைத்தாள்.

மூளையில் இரத்தம் அடைத்துப் பாரிசவாதம் வந்து, இடப்பக்கம் விழுந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கால் மெல்ல மெல்லத் திரும்பிவிட்டது. கையும் ஓரளவு அசைந்தது. உணர்வுதான் வரவில்லை.

அவள் வன்னியில் பிறந்தவள். யுத்தத்தில் இடம்பெயர்ந்து, கணவன் இராமலிங்கத்தோடும் கைக்குழந்தையோடும் நுரைச்சோலைக்கு வந்து சேர்ந்தாள். மணல் தோட்டங்களில் வெங்காயம் பிடுங்கினாள், மிளகாய் ஆய்ந்தாள். இராமலிங்கம் நெஞ்சுவலியில் போன பிறகும் அதே தோட்டங்களில்தான் நின்றாள். இருக்கும் இரண்டு அறை வீட்டைத் தானே கட்டுவித்தாள். நோய்க்குப் பிறகு ஆள் மாறிப்போனாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள். பசிக்கிறதா என்று கேட்டால் யோசிப்பாள்.

மகன் தனஞ்சயன் சிலாபத்தில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டவன். வாகனப் புகை சோதிக்கும் இடமொன்றில் வேலை. சூட்டுக்காயம் என்றதும் ஓடிவந்தான்.

"இனித் தனிய இருக்கேலாது, அம்மா. என்னோட வாங்கோ. பின்னறை சும்மாதான் கிடக்கு."

அவள் பேசாமல் இருந்தாள். அதை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். அவளுக்குப் போக விருப்பமில்லை. அது ஒன்றுதான் அவளுக்குள் தெளிவாகக் கிடந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்ற வேகம்தான் எழும்பவில்லை.

பஸீனாதான் குறுக்கே விழுந்தாள். "புண் ஆறட்டும் மகன். கைக்கு உணர்வு வந்திச்சின்டா இஞ்சயே இரிக்கட்டும். அதுவரைக்கும் நான் சமைச்சிக் குடுக்கிறன்."

"வராட்டி?"

"வராட்டி கூட்டிட்டுப் போங்க. ஆரு மறிச்ச?"

அன்றிலிருந்து பஸீனா பின்னேரங்களில் எண்ணெய்ப் போத்தலோடு வந்தாள். கஜலக்ஷ்மியின் கையை மடியில் வைத்து, விரல் விரலாக மடக்கி நீட்டி, நன்றாகத்தான் தேய்த்தாள். இரண்டு பேரும் ரீவி நாடகம் பார்த்தார்கள். நாடகத்து மாமியாரைப் பஸீனா ஏசுவாள். ஏச ஏச தேய்ப்பும் கூடும். கை பளபளத்தது. உணர்வு வரவில்லை.

வீடுவீடாக வந்து நோயாளரின் கைகால்களைப் பழக்கும் இயன் மருத்துவப் பெண் வினோஜா ஒருநாள் அந்த நேரத்தில் வந்துவிட்டாள். வாசலில் நின்று பார்த்துவிட்டு ரீவியை நிறுத்தினாள்.

"அன்ரி, நீங்க நல்லாத் தேய்க்கிறீங்க. ஆனா அம்மா இஞ்ச இல்லையே. அவ அந்த மாமியார் வீட்டில நிக்கிறா."

"கையத்தானே தேய்க்கிற? தலைய இல்லையே."

"தலையிலதான் அன்ரி பழுது. கையில ஒரு பழுதுமில்லை."

பிறகு இருந்து விளக்கிச் சொன்னாள். மூளையில் ஒரு நரம்புக் கலம், அதாவது நரம்பணு, அடுத்த கலத்துக்குச் சேதி அனுப்புகிறது. வாங்குகிற கலம் தூங்கி வழிந்தால் ஒன்றும் நடக்காது. அதுவும் விழிப்பாக இருக்கும்போது சேதி வந்து விழுந்தால், அந்தக் கணமே அது ஒரு வாயுவை உண்டாக்குகிறது. நைத்திரிக் ஒட்சைட்டு என்று பெயர். மூளையின் மற்றச் சேதிப் பொருட்களைப்போல அதைப் பைகட்டிச் சேர்த்துவைக்க முடியாது. தேவை வரும்போது செய்ய வேண்டும். செய்தால் சில விநாடியில் அழிந்துபோகும். வாயு என்பதால் கலத்தின் சவ்வு அதை மறிக்காது. ஊடுருவிப் பின்னோக்கிப் போய், அனுப்பிய கலத்தைத் தொடுகிறது. சேதி கிடைத்தது, அடுத்தமுறை இன்னும் பலமாக அனுப்பு என்கிறது. திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் அந்தப் பாதை உறுதிப்படும். மூளை ஒன்றைப் பழகிக்கொள்ளும் வழிகளில் இதுவும் ஒன்று.

"வட்ஸ்அப்பில ரெண்டு கோடு நீலமா மாறுமே, அதா?" என்றாள் பஸீனா.

"ஓம் அன்ரி. ஆள் பாத்தாத்தான் நீலம் விழும்."

"எனக்கு விழாது," என்றாள் கஜலக்ஷ்மி. அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான்.

வினோஜா மறுக்கவில்லை. "விழாமலும் போகலாம், அம்மா. தேங்காய்த் தும்பையும் துணியையும் மாறிமாறி வச்சுத் தேயுங்கோ. அம்மா கையைப் பாக்கவேணும். இது தும்பு, இது துணி எண்டு மனசால தேடவேணும்."

அடுத்த கிழமை தனஞ்சயன் வந்தபோது பஸீனா தனக்கு விளங்கியதை அவனுக்கு விளக்கினாள். வாயுவின் பெயரைக் கேட்டதும் அவன் திடுக்கிட்டு வினோஜாவுக்குத் தொலைபேசி எடுத்தான்.

"தங்கச்சி, அது வாகனப் புகையில வாற நஞ்செல்லோ? எங்களுக்கு வகுப்பில சொன்னவங்கள்."

"அதேதான், அண்ணா. மூளைக்குள்ளயும் மிஞ்சினா நஞ்சுதான். அடைப்பு வந்த அண்டைக்கு மிஞ்சித்தான் பக்கத்துக் கலங்களும் கெட்டது. இப்ப வேண்டியது துளி."

கஜலக்ஷ்மி சொன்னபடி செய்தாள். ஆசையோடு என்று சொல்ல முடியாது. தோட்டத்தில் நிரைக்கு நிரை வெங்காயம் பிடுங்கியதுபோல் செய்தாள். கையைப் பார்த்துக்கொண்டிருப்பது நாள் முழுக்க வேலை செய்ததைவிடக் களைப்பைத் தந்தது. பஸீனா நாடகம் இல்லாமல் தவித்து, தானே நாடகம்போல் ஊர்க்கதை சொல்ல, "கதையாதையும், எனக்குக் கை துலையுது," என்றாள் கஜலக்ஷ்மி. பஸீனாவுக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவு நீளமாக அவள் பேசிக் கனநாளாகியிருந்தது.

புண் ஆறியது. தனஞ்சயன் ஓட்டோவோடு வந்தான். தாயின் கண்களைத் துவாயால் கட்டினான். இடது உள்ளங்கையில் தும்பை வைத்தான்.

"தும்பு."

துணியை வைத்தான்.

"துணி."

பஸீனா கைதட்டினாள். அவன் இளஞ்சூட்டுத் தண்ணீர்க் கோப்பையையும் குளிர்ந்த கோப்பையையும் மாற்றி மாற்றி வைத்தான். கஜலக்ஷ்மி தேடினாள். நெற்றி வியர்த்தது. கனம் தெரிந்தது, உருண்டை தெரிந்தது. சூடு எது என்று தெரியவில்லை. குத்துமதிப்பில் சொன்னாள், தவறியது. மறுபடியும் தவறியது.

துவாயை அவிழ்த்தான். "நெருப்புத்தான் அம்மா பயம். தும்பில்லை. வெளிக்கிடுங்கோ."

பஸீனா வாய் திறந்தாள். கஜலக்ஷ்மி கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். காட்டியது இடது கையை.

"அடுப்பைக் கொண்டுபோ."

"என்ன?"

"நெருப்புத்தானே பயம்? அடுப்பையும் சிலிண்டரையும் ஏத்து. நான் வரேல்லை."

"அங்க வந்தா நீங்க ஒண்டும் செய்யத் தேவையில்லை, அம்மா."

"அதுதான் வரேல்லை எண்டுறன்."

அவன் பஸீனாவைப் பார்த்தான். அவள் தோளைக் குலுக்கினாள். "எங்கட உலையில ஒரு சுண்டு அரிசி கூடப் போட்டாச் சரி. ஆனா அக்கா, வெள்ளிக்கெழம எங்கட ஊட்ல இறச்சி. நீங்க மரக்கறி. என்ன செய்ற?"

"கடையில பாண் வாங்கித் தின்னுறன்."

"தேத்தண்ணி?"

"பிளாஸ்கில தாரும்."

தனஞ்சயன் சிலிண்டரைக் கழற்றினான். அடுப்பு ஓட்டோவின் பின்னிருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தது. தாய் வாசலில் நின்று பார்த்தாள். அந்த அடுப்பை வாங்க அவள் எத்தனை நிரை பிடுங்கினாள் என்பது அவனுக்குத் தெரியும். அழுவாளோ என்று பார்த்தான். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

"ஆறின சோறுதான் கிடைக்கும்," என்றான் கடைசியாக.

"வாய்க்குச் சூடு தெரியுமடா. ஆறியிருந்தாச் சூடாக் கேட்டு வாங்குவன். நீ போ, மழைக்கு முன்னம் போய்ச் சேர்."