சத்தம் போட ஒரு வகுப்பு

என் மகள் சத்தம் போட மாட்டாள். இரண்டு வயது முடிந்த குழந்தையைப் பற்றி இப்படிச் சொன்னால், கேட்பவர்கள் எனக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்பார்கள். நாங்கள் வடக்குப்பட்டு பக்கம் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே இருக்கும் வீட்டுக்கார அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மேல கொயந்த கீதா இல்லியான்னே தெரில. நல்லா வளத்துக்கினு கீறம்மா" என்பார். நானும் வெட்கமில்லாமல் பூரித்துப்போவேன்.

அந்தப் பூரிப்பு அடங்கியது ஒரு தடுப்பூசி நாளில். டாக்டர் ரூமுக்கு வெளியே மற்ற குழந்தைகள் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தன. என் மகளுக்கு ஊசி இறங்கியது. அவள் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கண்ணீர் மட்டும் பொலபொலவென்று வந்தது. டாக்டர் பஞ்சைக் கையில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசுவாளா?"

"பேசுவா டாக்டர். மெதுவா பேசுவா."

மெதுவாக என்றால், காதருகில் வந்து காற்றாகச் சொல்வாள். பால், பொம்மை, அப்பா, எல்லாம் காற்றுதான். டாக்டர் காதைச் சோதித்தார், தொண்டையைப் பார்த்தார், பின்னால் நின்று சொடக்குப் போட்டார். எல்லாம் சரியாகவே இருந்தது.

"நாலு பசங்களோட விடுங்க. இப்பல்லாம் குட்டிப் பசங்களுக்குப் பாட்டு, ஆட்டம்னு வகுப்பு வெக்கிறாங்களே, அதுல சேத்துடுங்க. கொஞ்ச நாள் பாத்துட்டு அப்புறம் யோசிக்கலாம்."

அப்புறம் என்ன யோசிப்பார் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஒரகடத்தில் காருக்குத் தகடு அடிக்கும் கம்பெனியில் பிரஸ் மெஷினில் வேலை செய்கிறார். விருதுநகர் பக்கத்து ஆள், வேலைக்கென்று இங்கே வந்தவர். ஷிஃப்ட் மாறி மாறி வரும். நைட் ஷிஃப்ட் வாரத்தில், ஊரே வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்து, சாப்பிட்டுப் படுப்பார். எங்கள் கல்யாணமான புதிதில் அவர் லைனில் ஒருவருக்குத் தூக்கக் கலக்கத்தில் கை மெஷினுக்குள் போய்விட்டது. அன்று வீட்டுக்கு வந்தவர் சோற்றைப் பிசைந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷனுக்குப் பகலில் தூக்கம் கெடவே கூடாது, அது என் பொறுப்பு என்று அன்று முடிவு செய்தேன்.

முடிவு செய்தால் நான் விடமாட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனியில், லைனில் வரும் போன்களில் குறை கண்டுபிடிக்கும் வேலை செய்தவள். வீட்டில் எங்கெல்லாம் சத்தம் இருக்கிறதென்று கண்டுபிடித்து ஒவ்வொன்றாக அடக்கினேன். காலிங் பெல்லின் ஒயரைக் கழற்றினேன். குக்கரை விசில் வரும் முன் இறக்கி, பருப்பைச் சட்டியில் வேகவைத்தேன். பாத்திரத்தைத் துண்டு விரித்து அதன்மேல் வைப்பேன். டிவியில் சீரியலைச் சத்தமில்லாமல் பார்த்து, யார் யாருக்கு எதிரி என்று முகத்தைக் கொண்டே சொல்லும் அளவுக்குத் தேறினேன். மகள் பிறந்து நடக்க ஆரம்பித்தபோது கொலுசில் இருந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தேன். கீச் கீச் என்று கத்தும் செருப்பை என் அண்ணி வாலாஜாபாத்திலிருந்து ஆசையாக வாங்கிவந்தாள். அதன் குதிகாலில் இருந்த பீப்பியையும் தோண்டி எடுத்துவிட்டேன்.

குழந்தை அழ வாயைத் திறந்தால் என் கை தானாகப் போகும். அடித்ததே இல்லை. வாயை லேசாக மூடி, "அப்பா தூங்குறாங்க" என்று மூச்சுவிடுவேன், அவ்வளவுதான். அதை ஒரு தப்பாக நான் நினைக்கவே இல்லை.

டாக்டர் சொன்னதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் தன்னால்தான் என்று மருகுவார், இருக்கிற தூக்கமும் போகும். "பாப்பாவ டான்ஸ் கிளாஸ்ல சேக்கலாம்னு இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். "சேத்துரு, சேத்துரு" என்றார்.

முதலில் பார்த்தது பெரிய அடுக்குமாடி ஒன்றின் கிளப் ஹவுஸில் நடக்கும் வகுப்பு. ஏசி, தரையெல்லாம் மெத்தென்று விரிப்பு. குழந்தைகளை வட்டமாக உட்காரவைத்து மெல்லிய குரலில் பாட்டுப் பாடினார்கள். அம்மாக்கள் கண்ணாடிக்கு வெளியே உட்கார வேண்டும். மற்ற குழந்தைகள் எழுந்து ஓடின, விரிப்பைக் கடித்தன. என் மகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கைதட்டச் சொன்னபோது உள்ளங்கைகளை ஒட்டிப் பிரித்தாள், ஒரு சத்தமும் வராமல். முடிவில் ஒரு சின்ன மணியைத் தட்டி எல்லோரையும் படுக்கச் சொன்னார்கள். முதலில் படுத்தது என் மகள்தான். மிஸ் கண்ணாடிக் கதவைத் திறந்து, "எவ்ளோ சமத்து! இந்த மாதிரி ஒரு குழந்தைய நான் பாத்ததே இல்ல" என்றார். அங்கே இருந்த அம்மாக்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்கூட்டியில் அவளை முன்னால் நிற்கவைத்துக்கொண்டு திரும்பும்போது, பக்கத்தில் டிரெய்லர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். அந்த டிரெய்லர் யாரையோ தூங்கவிடாமல் செய்கிறது, அதை நான் அடக்க வேண்டுமாம். சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றும் போனது. டாக்டர் சொன்னது வேறு, நான் போய்வந்தது வேறு என்று மண்டையில் உறைத்தது.

ஆனாலும் மனசு அந்த ஏசி வகுப்பையேதான் சுற்றிச் சுற்றி வந்தது. அங்கே சேர்த்தால் வீட்டுக்குச் சத்தம் வராது. சத்தமான இடத்தில் சேர்த்து, அவள் சத்தத்தைக் கற்றுக்கொண்டு வந்துவிட்டால்? நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் தலைமாட்டில் நின்று தட்டைத் தட்டினால்? அவர் தூங்காமல் போய் மெஷின் முன்னால் நின்றால்? ஒரு பக்கம் இவள் குரல், இன்னொரு பக்கம் அவர் கை. எதை யோசித்தாலும் இன்னொன்று வந்து பயமுறுத்தியது.

இரண்டாவது வகுப்பு படப்பையில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே. படிக்கட்டின் அடியிலேயே காது அடைத்தது. டைல்ஸ் கடைக்காரர் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. மேலே ஒரு இளம் பெண், துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு, குட்டி டிரம், ஜால்ரா, கிலுகிலுப்பை என்று ஆளுக்கொன்றைக் கொடுத்துவிட்டுத் தானும் குதித்துக்கொண்டிருந்தாள். குழந்தைகள் அடி பின்னிக்கொண்டிருந்தார்கள்.

என் மகள் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு நுனிக்காலில் உள்ளே போனாள். முதல் குழந்தையின் கையிலிருந்து குச்சியை மெதுவாக வாங்கினாள். அடுத்த குழந்தையிடமிருந்து ஜால்ராவை வாங்கினாள். மூலையில் கிடந்த துணிமேல் ஒவ்வொன்றாக, இடித்துக்கொள்ளாமல் அடுக்கினாள். ஒரு பையன் தரமாட்டேன் என்று அலறினான். அவன் வாயைத் தன் உள்ளங்கையால் லேசாக மூடினாள்.

அந்தக் கை என் கை. மூடும் அழுத்தம், தலையைச் சாய்க்கும் விதம், எல்லாமே நான்தான். சமையலறையில் யாரோ என்னை ஒளிந்திருந்து படம் பிடித்துக் காட்டியது போல இருந்தது. அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தப் பையனின் அம்மா முகத்தைச் சுளித்தாள். நான் மகளைத் தூக்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அந்த இளம் மிஸ் வாசல் வரை வந்து, "ஞாயித்துக்கிழம இன்னொரு தபா கூட்டியாங்கக்கா. அப்புறமா சேக்கறதா வேணாவான்னு சொல்லுங்க" என்றாள். சேர்க்கப்போவதில்லை என்றுதான் படி இறங்கினேன். கீழே வந்ததும் சேர்க்காவிட்டால் இவள் கதி என்ன என்று நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் நைட் ஷிஃப்ட் முடித்து வந்திருந்தார். நாங்கள் கிளம்புவதைப் பார்த்துவிட்டு, "நானும் வாரேன்" என்றார்.

"நீங்க படுங்க."

"எம்புள்ள ஆடுறத நான் பாக்க வேணாமா?"

மறுக்க முடியவில்லை. வகுப்பில் எல்லோரும் கொட்டி முழக்கிக்கொண்டிருந்தபோது அவர் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மிஸ் என் மகள் மடியில் ஒரு குட்டி டிரம்மை வைத்து, கையில் குச்சியைக் கொடுத்தாள். மகள் குச்சியை உயர்த்தினாள். அந்த நேரம் பார்த்து அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். அந்தக் கூச்சலுக்கு நடுவே அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

அவள் முகம் மாறிவிட்டது. குச்சியைக் கீழே வைத்தாள். டிரம்மைக் கவிழ்த்தாள். எழுந்து நடுவில் போய் நின்று, உதட்டில் விரலை வைத்து, ஒவ்வொரு குழந்தையாகப் பார்த்து, "ஷ்ஷ்" என்றாள். என்ன நினைத்தார்களோ, புது விளையாட்டு என்று நினைத்தார்களோ, எல்லாக் குழந்தைகளும் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். மிஸ்ஸும் நின்றாள். வகுப்பு நிசப்தமானது.

அவர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். "என்ன? என்ன ஆச்சு? ஏன் நின்னுருச்சு?"

பெரியவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் மகளும் சிரிக்கவில்லை. அவள் டிரம்மை எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள். தான் ஏதோ சத்தம் செய்து அப்பாவை எழுப்பிவிட்டதாக நினைத்திருக்கிறாள். உதடு துடித்தது, சத்தம் வரவில்லை.

கீழே டீக்கடையில் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டர், வாயைப் பொத்திய அழுகை, அந்தப் பையன். அவர் டீயைக் குடிக்காமல் கேட்டார்.

"எனக்குச் சத்தத்துல தூக்கம் கெடாதே" என்றார். "மெஷின் ஓடுற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. நின்னாத்தான் திக்குனு இருக்கும். நின்னா ஏதோ ஆயிருச்சுன்னு அர்த்தம்."

"வூட்ல?"

அவர் டம்ளரைப் பார்த்தார். "வீட்டுலயும் அப்படித்தான். ஒரு சத்தமும் இல்லன்னா புள்ளைக்கு என்னமோன்னு முழிச்சிட்டுக் கெடப்பேன். ரெண்டு மூணு தடவ எந்திரிச்சு வந்து பாப்பேன். நீங்க ரெண்டு பேரும் குசுகுசுன்னு சாப்பிட்டுட்டு இருப்பீங்க. சரின்னு போய்ப் படுத்துக்கிருவேன்."

"இன்னாய்யா இத்தன நாளா சொல்லாம இருந்துக்கினு!" என்று கத்தியேவிட்டேன். டீக்கடையே திரும்பியது. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"நீ அம்புட்டு மெனக்கெட்ட. சொன்னா நீ சங்கடப்படுவன்னு..."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவர்மேல் கொஞ்சம், என்மேல் நிறைய. நான் கண்ணும் கருத்துமாக அவரைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறேன். அதற்காக என் குழந்தையின் வாயை மூடியிருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நல்லது செய்கிறோம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தோம். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் மடியில் ஏறி என் வாயைப் பொத்தினாள். அந்தக் கையை விலக்க எனக்கு மனசே வரவில்லை. கஷ்டப்பட்டு விலக்கினேன்.

மேலே ஏறிப்போய் டைல்ஸ் கடை வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன்.

சில மாதங்களாகப் போகிறாள். இப்போதெல்லாம் காற்றாகப் பேசுவது குறைந்திருக்கிறது. போன வாரம் ஒரு பூனையைப் பார்த்து "ஏய்" என்று கூப்பிட்டாள், அடுத்த அறையில் இருந்த எனக்குக் கேட்டது. வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். குக்கரில் விசில் விடுகிறேன். அதற்கு அவள் இன்னும் பதறுகிறாள். அவர் நன்றாகத் தூங்குகிறார்.

அவர் பகலில் தூங்கும்போது நானே அவளுக்கு ஒரு சட்டியைக் கவிழ்த்துப்போட்டு, கரண்டியைக் கொடுத்து, அடி என்கிறேன். டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். அடிக்கிறாள், வகுப்பில் சொல்லித்தந்த தாளத்தில் நன்றாகவே அடிக்கிறாள். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கரண்டியை உயர்த்தியபடி ஒருமுறை என் முகத்தைப் பார்க்கிறாள். நான் சிரித்தால் அடிக்கிறாள். வேறு ஏதோ யோசனையில் நான் சிரிக்கத் தாமதமானால், கரண்டியை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறாள்.