காது வெட்டிய ரப்பர்

ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நல்லது கெட்டது சொல்லும் வேலை பார்த்தவர்களே, உங்களுக்கும் என்னைப்போல் கழுத்து வலி உண்டுதானே?

திரும்பி வந்த லோரி

மலேசியாவில், காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் நான் செக்கர். ஒருநாள் கிள்ளானுக்குப் போன சரக்கு அப்படியே திரும்பி வந்தது. ஷீட்டெல்லாம் கொப்புளம். ரப்பர் பாலில் மருந்து ஊற்றி உறையவைப்பவள் செல்லம்மா. "அவள் கைதான் சரியில்லை, மாதக் கடைசியில் லயத்து வீட்டைக் காலி செய்யட்டும்" என்றுவிட்டார் தோட்டத்துத் துரை. பாவம், இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவாள்? லோரியோடு வந்த, சரக்கு வாங்கும் சீன முதலாளி, தவுக்கே, ஒரு ஷீட்டை என் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

"தோசை வாங்க நான் வரல லா."

காது வெட்டு

தோட்டத்தில் எந்தப் பகுதிக் காட்டுப் பால் கெடுகிறது என்று தெரிந்தால்தானே வழி பிறக்கும்? ஷீட்டு ஈரமாக இருக்கும்போதே மூலையில் கத்தரித்தேன், காட்டுக்கு ஒரு விதமாக. புகை வீட்டில் ஷீட்டைக் காயவைக்கும் வீரப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். காய்ந்ததும் தூக்கிப் பார்த்தால், கொப்புளம் மொத்தமும் ஆற்றோரக் காட்டு வெட்டில். மற்றதெல்லாம் கண்ணாடி. அதே செல்லம்மா, அதே மருந்து! வீரப்பன் மட்டும் விடவில்லை.

"மாட்டுக்குத்தான் காது வெட்டுவாங்க, இவரு ரப்பருக்கு வெட்டுறாரு."

முதல் வாளி

மறுநாள் ஆற்றோரக் காட்டில் போய் நின்றேன். அங்கே ஒரு வழக்கம். பெரிய கங்காணி வீட்டு வாளிதான் பால் ஏற்றும் வண்டித் தொட்டியில் முதலில் விழவேண்டும். அவர்களோ ஆடி அசைந்து வருவார்கள். அதுவரை மற்றவர்கள் பால் வெயிலில் காய்ந்து புளிக்கும்.

"வந்த வரிசையில ஊத்தட்டும் அண்ணே" என்றேன் கங்காணியிடம். "எங்க வீட்டுக்கு மரியாதை வேணாமா?" என்று முறைத்தார். "மரியாதை பாத்துக்கிட்டுப் பாலு காத்திருக்காதுண்ணே. செல்லம்மா பொழப்பு போகுது" என்று வெட்டிய ஷீட்டுகளை அவர் முன்னால் போட்டேன். வெகுநேரம் புரட்டிப் பார்த்தார்.

"சரி, நாளைக்கு எங்க வாளி கடைசியா வரட்டும். அப்பவும் கொப்புளம் வந்துச்சு, ஒன் காதை வெட்டுறேன்."

துரை முன்னால்

என் காது பிழைத்தது. ஆற்றோரக் காட்டு ஷீட்டைத் துரை தாமே வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பொட்டு இல்லை. செல்லம்மா லயத்திலேயே இருக்கலாம் என்றார். பெருமையாக இருந்தது, ஏன் மறைக்கவேண்டும்? செல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"தோசை சுட எனக்கு மறந்துபோச்சுன்னு தவுக்கேகிட்ட சொல்லிடுங்கண்ணே."

கழுத்து வலி இன்னும் விடவில்லை என்றாலும், தலை நிமிர்ந்து நடக்க அது ஒரு நல்ல சாக்கு.