கருப்பைத் தேடும் வெளிச்சம்

எனக்கு மோவாயில் முடி முளைத்தது பதினேழு வயதில். இருபத்து மூன்றாவது வயதில் அது சோழவந்தான் ஊருக்கே தெரிந்த ரகசியம். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதானே பார்ப்பார்கள்? இரண்டு இடம் தட்டிப்போனது. காரணத்தை யாரும் சொல்லவில்லை. அம்மா மட்டும் என் முகத்தில் கஸ்தூரி மஞ்சளை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

அம்மா தினமும் எனக்கு முன்னால் எழுந்து, கைக்கண்ணாடியோடு குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்வாள். வெளியே வர அரை மணி நேரம் ஆகும். நான் கதவைத் தட்டிச் சண்டை போடுவேன். கண்ணாடி எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

எல்லார் கையிலும் செல்போன் வரத் தொடங்கிய காலம். மதுரையில் லேசர் வைத்து முடி எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நானும் அம்மாவும் பஸ் ஏறினோம். வெற்றிலைக் கொடிக்கால்களின் பச்சையும் வைகையின் வெள்ளை மணலும் ஜன்னலில் நழுவிப்போயின. திரும்பும்போது வேறு முகத்தோடு வருவேன் என்று நம்பினேன்.

கிளினிக்கில் எனக்கு முன்னால் வில்லாபுரத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். நல்ல வெளுப்பு. அக்காவோடு சௌராஷ்டிர பாஷையில் பேசிக்கொண்டே உள்ளே போனவள், கால் மணி நேரத்தில் சிரித்துக்கொண்டு வந்துவிட்டாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

டாக்டரம்மா என் கன்னத்தை விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். "இந்த வெளிச்சம் கருப்பைத் தேடித்தாம்மா போகும். அந்தப் பொண்ணுக்குத் தோலு வெளுப்பு, முடி கருப்பு. நேரா வேரைப் பிடிச்சிரும். உனக்குத் தோலும் கருப்பு. அவசரப்பட்டா தோலைச் சுட்டுரும். ஆழமாப் போற வேற மெஷின்ல மெதுவாத்தான் செய்யணும்."

காதுக்குக் கீழே ஓர் இடத்தில் மட்டும் சோதித்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். வெயில் ஆகாது, மஞ்சள் வேண்டாம், முடியைப் பிடுங்கவே கூடாது, முந்தின நாள் ஷேவ் பண்ணிக்கொண்டு வரவேண்டும்.

"பொம்பளைப் பிள்ளை முகத்துல கத்தியா? தடிச்சுல்ல முளைக்கும்" என்று அம்மா பஸ்ஸெல்லாம் புலம்பினாள்.

விருந்தாளி வருமுன் வீட்டைக் கூட்டி வைக்கும் பழக்கம் எங்களுடையது. முந்தின நாள் சாயங்காலம் அம்மா முள்வாங்கியை எடுத்து, ஒவ்வொரு முடியாக வேரோடு பிடுங்கி என்னைத் துப்புரவாக்கினாள். நானும் மோவாயை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வலிக்கவே இல்லை. அம்புட்டு லாகவம் அவள் கைக்கு எப்படி வந்தது என்று யோசிக்கவில்லை.

"வேரே இல்லையேம்மா, வெளிச்சம் எதைப் போய்ப் பிடிக்கும்?" என்றார் மறுநாள் டாக்டரம்மா.

முடி வளர ஆறு வாரம் காத்திருந்தேன். துப்பட்டாவால் மோவாயை மூடிக்கொண்டு திரிந்தேன். மனசுக்குள் அம்மாவைத் திட்டாத நாளில்லை. கடைசியில் அவளே புது பிளேடு வாங்கி வந்து மழித்துவிட்டாள்.

கண்ணுக்குக் கருப்புக் கண்ணாடி. கன்னத்தில் ஜில்லென்று களிம்பு. மூடிய இமைக்குள் வெளிச்சம் மீன்குஞ்சு போலத் துள்ளித் துள்ளி மறைந்தது. கோழி வாட்டும் வாசம் லேசாக வந்தது. நான் எங்கோ தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல இருந்தது. இன்னும் ஏழெட்டுத் தடவை வரவேண்டும் என்ற குரல் தூரத்தில் கேட்டது.

கண்ணாடியைக் கழற்றியபோது, அம்மா முந்தானையை மோவாயிலிருந்து விலக்கிக்கொண்டு டாக்டரம்மா முன்னால் நின்றிருந்தாள்.

"எனக்கும் இதைச் செய்யலாங்களா?"

டாக்டரம்மா விளக்கை இழுத்துப் பார்த்தார். "எம்புட்டு வருசமா பிடுங்குறீங்க?"

"கல்யாணத்துக்கு முந்தி இருந்தே."

"எல்லாம் நரைச்சிருச்சேம்மா. வெள்ளை முடி இந்த வெளிச்சத்துக்குத் தெரியாது."

"சும்மாதான் கேட்டேன்" என்று அம்மா முந்தானையை இழுத்துக்கொண்டாள். ஊர் வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை குளியலறைக் கதவைத் தட்டினேன்.

"இந்தா வாரேன், செத்த இரு."

"அவசரமில்லம்மா. முள்வாங்கியை எங்கிட்டக் குடு."

வெகுநேரம் கழித்துத் தாழ் திறந்தது.