ஏழாம் படிப் பட்டாளம்

“எதிராத்துல இடிக்கறான், என் பட்டாளம் மேல மண் விழறது.”

பால் பாக்கெட் போடுகிறவரிடம் சொல்லியாயிற்று. மருந்துக் கடையில் பி.பி. மாத்திரையை எண்ணி வாங்கும்போது சொல்லியாயிற்று. வார்டு அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதியும் ஆயிற்று. எந்தப் பட்டாளம் என்று விளக்கம் கேட்டு அங்கிருந்து பதில் வந்தது. ஒவ்வொரு முறையும் சொல்லி முடித்ததும் சுவாமிநாதன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கேட்டவர் முகத்தில் போர்க்காலக் கலக்கம் ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பார். தெரியாது. கேட்டவர் சில்லறையைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிப்பார்.

அபிராமபுரத்தில் இரண்டாவது மாடி. ஹாலில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அதற்குள் அறுநூற்றுப் பன்னிரண்டு ஈயச் சிப்பாய்கள். கட்டைவிரல் உயரம்தான். சிவப்புக் கோட்டு, வெள்ளை வார், கறுப்புப் பூட்ஸ், எல்லாவற்றுக்கும் மேல் வார்னிஷ். எண்ணெய் தேய்த்து வெயிலில் உட்கார வைத்த குழந்தைகள் போல மினுங்குவார்கள். இவர்களின் தளபதி இன்சூரன்ஸ் கம்பெனியில் தீ விபத்துப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்லூரியில் என்.சி.சி.யில் சேரப் போய், தட்டைப் பாதம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர். தெருமுனையில் படுத்திருக்கும் செவலை நாய்க்காக எதிர்ச்சாரிக்கு மாறி, ஒரு சுற்றுச் சுற்றித்தான் காய்கறிக் கடைக்குப் போவார். ஆனால் அலமாரி முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டால் தொந்தி தானாக உள்ளே போய்விடும்.

வீட்டு வேலை செய்யும் பொன்மணியின் துடைப்பத்துக்கு அலமாரியிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் எல்லை. சிப்பாய்களுக்குத் தூசி தட்டுவதெல்லாம் சுவாமிநாதனே. கருவி, மகள் ஷ்ரேயா கன்னத்துக்குப் பூச வைத்திருந்த பிரஷ். ஒருநாள் அவர் குளிக்கிற சமயம் பார்த்து, புண்ணியமாகப் போகட்டும் என்று பொன்மணி கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டாள். துண்டோடு ஓடி வந்தார். அவள் அசரவில்லை.

“இன்னா சாமி, பெத்த புள்ளய உள்ள வெச்சிகினா மாரி கூவுற. பொம்ம தான கீது.”

பொம்மை இல்லை, மினியேச்சர் என்று சோப்பு நுரை சொட்டச் சொட்ட அவர் வகுப்பெடுத்தார்.

“சரி சாமி, மினி பொம்ம” என்று அவள் சமாதானமாகப் போய்விட்டாள்.

அவருடைய உண்மையான துக்கம் தூசி அல்ல. யாரும் பார்ப்பதில்லை. ஒருமுறை கூரியர்காரர் ஒருவரை ஓ.டி.பி. சொல்லாமல் நிறுத்தி வைத்து, வாட்டர்லூ யுத்தத்தைக் காலையிலிருந்து மாலைவரை விளக்கினார். அதற்குப் பிறகு பார்சலெல்லாம் கீழே வாட்ச்மேனோடு நின்றுவிடுகிறது. அதே ஹாலில், நவராத்திரி ஒன்பது நாளும் மனைவி சூடாமணி வைக்கும் கொலுவுக்கு மட்டும் மாலை ஐந்திலிருந்து செருப்பு வைக்க இடமிருக்காது. தசாவதாரத்துக்கு ‘அடடா’, செட்டியார் கடைக்கு ‘ஐயோ, எவ்வளவு அழகு’. முப்பது வருஷமாகப் படுக்கையறையில் உட்கார்ந்து அந்த அடடாக்களை எண்ணியவர், இந்த வருஷம் தாமே வாய்விட்டுக் கேட்டார். ஏழாம் படி தமக்கு வேண்டும்.

சேகரிப்பிலேயே சிறந்தவர்களை இறக்கினார்: பழைய மெட்ராஸ் படையின் நாற்பது சிப்பாய்கள். இங்கிலாந்தில் சொல்லிவைத்து, இரண்டு வருஷம் காத்திருந்து வாங்கியவர்கள். சூடாமணி துப்பாக்கிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். படியில் உட்கார்ந்தவர்களை விஜயதசமிவரை அசைக்கக் கூடாது. அன்றைக்கு அவர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டிருப்பார்.

கூட்டம் வந்தது. சுவாமிநாதன் நாற்காலியை ஏழாம் படிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பாட வந்த மாமிகள் பல்லவியைத் தொடங்குவதற்குள் துப்பாக்கியில் மருந்து கெட்டிக்கும் முறையைக் கேட்டு முடிக்க வேண்டியிருந்தது. தினமும் லென்ஸ் வைத்துச் சிப்பாய்களைப் பரிசோதிக்கிறவர், அந்த நான்கு நாளும் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கிறவர்களின் முகங்களைப் பார்ப்பதற்கே நேரம் சரியாக இருந்தது.

ஐந்தாம் நாள் மாணிக்கவாசகம் போன் செய்தார். தி. நகரில் ஜவுளிக் கடை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கடைக்கு மேல் ஒரு மாடி முழுக்க ஏ.சி. போட்டு எட்டாயிரம் சிப்பாய்களைக் குடிவைத்திருப்பவர். இப்படிச் சேகரிக்கிறவர்களின் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். சங்கம் ஆண்டுதோறும் அடையாறில் கண்காட்சி நடத்தும். அதில் ஒரு மேஜைக்காகப் பதினோரு வருஷமாக விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார் சுவாமிநாதன். ஒரு வருஷம் வார்ப்பூட்டின் நிறம் தப்பு, ஒரு வருஷம் குதிரை வாலின் நீளம் தப்பு. இந்த முறை மெட்ராஸ் சிப்பாய்களைப் பார்க்கத் தலைவரே நாளை மாலை நேரில் வருகிறார். சரியாக இருந்தால் மேஜை நிச்சயம்.

நாற்பது பேரை ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், அலமாரிக்குத் திருப்பிக்கொள்ள அனுமதி கேட்டார். சூடாமணி குரலை உயர்த்தவில்லை.

“கலசம் வெச்சாச்சு. படியில ஒக்காந்தவாள நடுவுல எழுப்பற வழக்கம் இந்த ஆத்துல கெடயாது.”

ஆகவே கொலு முன்னாலேயே பரிசோதனை. மாணிக்கவாசகம் ஜமுக்காளத்தில் முழங்கால் போட்டு, சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தார். பூட்ஸ் சரி. பொத்தான் வரிசை சரி. வார் சரி. லென்ஸ் முகத்துக்கு ஏறியது. நின்றது. அடுத்தவன் முகத்துக்குப் போயிற்று. அதற்கடுத்தவன்.

“என்ன சார்வாள், எல்லாவன் நெத்தியிலயும் செவப்பா ஒரு புள்ளி கெடக்கு?”

சூடாமணி சுண்டல் தட்டோடு நின்றபடி, பாலில் சர்க்கரை போட்டதைச் சொல்வதுபோலச் சொன்னாள். முதல் நாள் மத்தியானம் இவர் தூங்கும்போது குங்குமத்தைக் குழைத்து, தீக்குச்சி முனையால் வைத்தாளாம். அவள் கொலுவில் யாரும் வெறும் நெற்றியோடு உட்கார்ந்ததில்லை. பார்க்கில் மேயும் பிளாஸ்டிக் பசுவுக்குக்கூட உண்டு. நாற்பது பேருக்கு வைக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று.

சுவாமிநாதன் முதலில் வெளுத்து, பிறகு சிப்பாய்க் கோட்டின் நிறத்துக்கு வந்தார். வார்னிஷ் என்றால் என்னவென்று தெரியுமா என்றார். எதிர்வீட்டை இடிக்கிறவன்கூட இந்த நாசத்தைச் செய்யவில்லை என்றார். வந்தவர் முன்னால் சொல்லக் கூடாத இன்னும் இரண்டும் சொன்னார். சூடாமணி தட்டைக் கீழே வைத்துவிட்டு, எரிந்துகொண்டிருந்த விளக்கின் திரியைத் தூண்டப் போனாள்.

தலைவருக்கே இரக்கமாகிவிட்டது.

“வெசனப்படாதிய. ஈரத் துணிய வச்சு அழிச்சிருங்க, ஒரு கொறையும் தெரியாது. நெத்தி சுத்தமா இருந்தா மேசை உங்களுக்குத்தான். பட்டாளத்துக்காரனுக்கு எதுக்குப் பொட்டு, மாப்பிள்ளையாவா நிக்கான்?”

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் பொன்மணி ஈரத் துணியோடு வந்து நின்றாள். எத்தனை வருஷ ஆசை. “நவுரு சாமி, நான் தொடைக்கிறேன்.”

சுவாமிநாதன் துணியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு குனிந்தார். முதல் சிப்பாயின் முகத்துக்கும் துணிக்கும் இடையே ஓர் அங்குலம். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, லென்ஸை வாங்கி, அந்தப் பொட்டை முதல்முறையாகப் பார்த்தார். கடுகில் பாதி. இரண்டு புருவத்துக்கும் நடுவே, மயிரிழை பிசகாமல். அடுத்தவனையும் பார்த்தார். அவனுக்கும் அப்படியே. துணியிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் ஜமுக்காளத்தில் விழுந்தது. சூடாமணி திரும்பவில்லை. அவர் நிமிர்ந்து, துணியைப் பிழிந்து, மடித்து, தலைவரின் லென்ஸோடு சேர்த்து அவர் கையிலேயே வைத்தார்.

“மாணிக்கவாசகம் சார், ஆயிரத்தெண்ணூத்தி ஆறுல வேலூர்க் கோட்டையில இப்படித்தான் ஒரு தொரை உத்தரவு போட்டான், நெத்தியில இருக்கறத அழிச்சுட்டு வரிசையில நில்லுன்னு. அன்னிக்கு அழிக்க மாட்டேன்னு துப்பாக்கியத் திருப்பினவா இவாதான், இதே மெட்ராஸ் சிப்பாய்தான். உங்க கடை மாடியில எட்டாயிரம் பேர் நிக்கறாளே, அவா மூஞ்சிய இன்னிக்குப் போய் ஒருதரம் லென்ஸ வெச்சுப் பாருங்கோ. தப்பு எவன் நெத்தியிலன்னு தெரியும். மேஜைய வேற யாருக்காவது குடுங்கோ. இப்ப அந்தத் துணியில கையத் தொடச்சுண்டு சுண்டல எடுத்துக்கோங்கோ, அவ வெச்சுட்டுப் போயி எத்தன நாழி ஆறது.”