ஓடுவதற்கென்று ஓர் உடுப்பு

திருப்பதியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி மைதானம் இருக்கிறது. காலையில் யார் வேண்டுமானாலும் போய் நடக்கலாம். போன வருடம் மழைக்காலம் முடிந்ததும் நானும் போக ஆரம்பித்தேன். சர்க்கரை வந்துவிடும் போலிருக்கிறது, மூச்சு வாங்கும்படி வேகமாக நடக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

முதல் நாள் சுடிதாருக்கு மேல் என் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். அதற்கும் மேலே துப்பட்டாவை விரித்து இரண்டு தோளிலும் பின் குத்திக்கொண்டேன். காலில் வாசலில் கிடந்த ரப்பர் செருப்பு. கணவருக்கு ஸ்ரீசிட்டியில் வேலை. கம்பெனி பஸ்ஸுக்காகக் கிளம்பிக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா இது, இவ்ளோ சுத்திக்கினு போற? வேர்த்துக் கொட்டுமே."

"கொட்டட்டும். எல்லாரும் பாப்பாங்க."

"இந்நேரத்துல யாரு பாக்கறாங்க?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அவரிடம் அதைச் சொன்னதே இல்லை.

நான் பிறந்தது நகரியில். அப்பாவுக்கு, எங்கள் வழக்கில் நைனாவுக்கு, விசைத்தறி. ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னைவிட வேகமாக ஓடுகிறவர்கள் கிடையாது. பையன்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மாவட்ட அளவில் ஆள் எடுப்பதற்காகச் சித்தூருக்கு வரச் சொன்னார்கள். இண்டர், அதாவது பிளஸ் டூ, படித்துக்கொண்டிருந்த அக்கா எனக்குத் துணையாக வந்தாள். அந்த ஒரு வருடத்தில் என் உடம்பு திடீரென்று பெருத்திருந்தது. வெள்ளைப் பாவாடை, வெள்ளைச் சட்டை, உள்ளே சின்ன வயதிலிருந்து போட்டுக்கொண்டிருந்த அதே மாதிரி ஷிம்மி. ஓடுவதற்கென்று வேறு எதுவும் வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஓட்டம் தொடங்கியது. முதல் வளைவில் நான்தான் முன்னால். மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த பையன்கள் கைதட்டினார்கள். என் வேகத்தைப் பார்த்துத் தட்டுகிறார்கள் என்று நினைத்து இன்னும் வேகமாகப் போனேன். நான் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் சரியாக ஒரு தட்டு விழுகிறது என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. பிறகு சிரிப்பு கேட்டது. எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று புரிந்ததும் இரண்டு கைகளையும் மார்பின் மேல் கட்டிக்கொண்டேன். கையை வீசாமல் யாராலும் ஓட முடியாது. ஒருத்தி என்னைத் தாண்டினாள், இன்னொருத்தி தாண்டினாள். கடைசியில் வந்து நின்றபோது அக்கா ஓடிவந்து என் முன்னால் நின்று மறைத்துக்கொண்டாள்.

"வா, போலாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னாள்: "இனிமே அவள ஓட அனுப்பாதம்மா." அம்மா ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் போனது நைனாவுக்குத்தான். தறிக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் பொண்ணு குதிரை மாதிரி ஓடுவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

"ஏம்மா ஓடறத வுட்டுட்ட? கால்ல எதுனா அடியா?" என்று கேட்டார்.

"புடிக்கல நைனா" என்றேன்.

வேறு எந்த வார்த்தையில் சொல்லியிருக்க முடியும்? அதற்குப் பிறகும் சில தடவை கேட்டுப் பார்த்தார். அப்புறம் விட்டுவிட்டார். கடைசிவரை அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

அன்றிலிருந்து தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடமாட்டேன், அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். கழுத்தும் முதுகும் வலித்தால் தைலம் தேய்த்துக்கொள்வேன்.

அந்த முழுக்கைச் சட்டையோடு மைதானத்தில் ஒரு வாரம் நடந்தேன். இரண்டாவது சுற்றிலேயே சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். தோளில் உள்ளாடையின் பட்டி அறுக்கும். ஒரு நாள் செருப்பின் வார் பிய்ந்து வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தேன். அங்கே என் வயதில், என்னைப் போலவே கனத்த உடம்போடு ஒரு அம்மாள் மெதுவோட்டம் ஓடுவார். நான் அவரையே பார்ப்பேன். பார்ப்பது தப்பு என்று தெரிந்தும் பார்ப்பேன். அவர் ஓடும்போது உடம்பு குலுங்கவில்லை. ஒரு நாள் தண்ணீர்க் குழாயருகே தயங்கித் தயங்கித் தெலுங்கில் அது எப்படி என்று கேட்டே விட்டேன். என் தெலுங்கைக் கேட்டதும் அவர் பாதித் தமிழுக்கு மாறிக்கொண்டார்.

"ஸ்போர்ட்ஸ் ப்ராதாம்மா. அது லேகபோதே... இல்லன்னா நேனு மாடிப்படி கூட எறங்கமாட்டேன்" என்று சிரித்தார்.

அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். விளம்பரத்தில் பார்த்திருக்கிறேன். ஒட்டிய வயிறுள்ள பெண்களுக்கானது என்று நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலமே கடைக்குப் போனேன். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது என்று நானாக முடிவுசெய்து, போட்டுப் பார்க்காமலே ஒன்றை வாங்கி வந்தேன். மறுநாள் மைதானத்தில் மூச்சே விட முடியவில்லை. கழற்றிப் பார்த்தால் விலாவைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. திரும்பக் கடைக்குப் போனபோது, வடமாலபேட்டையிலிருந்து வேலைக்கு வரும் ஒரு பெண் நாலைந்து அளவுகளை எடுத்துக் கையில் கொடுத்து என்னை டிரையல் ரூமுக்குள் அனுப்பினாள். கதவைச் சாத்திக்கொண்டு கையைத் தூக்கிப் பார்த்தேன், குனிந்து பார்த்தேன். அதெல்லாம் போதாது என்று தோன்றியது.

"அம்மா, உள்ள இன்னா பண்றீங்க? தடதடன்னு சத்தம் வருது!"

"குதிச்சிப் பாக்கறேம்மா."

"குதிங்க, குதிங்க. பாகா, நல்லா குதிங்க!" என்று வெளியே அவளும் இன்னொருத்தியும் சிரித்தார்கள். உள்ளே கண்ணாடி முன்னால் நானும் சிரித்தேன்.

மூன்றாவதாகப் போட்டது பொருந்தியது. அகலமான தோள்பட்டி, மார்புக்குக் கீழே இரண்டு விரல் நுழையும் அளவுக்குப் பிடிப்பு. அப்படியே மற்றதையும் வாங்கினேன். வேர்வையில் கனக்காத துணியில் தொடைவரை நீண்ட டீ-ஷர்ட், நாடா இல்லாமல் இடுப்பில் நிற்கும் பேண்ட், ஒரு ஜோடி ஷூ. சாவி வைக்க ஜிப் வைத்த பாக்கெட் இருக்கிறதா என்று நானே கேட்டு வாங்கினேன்.

மறுநாள் காலையில் ஒரு சுற்று நடந்தேன். ஆளில்லாத மூலைக்கு வந்ததும் சும்மா ஓடிப் பார்த்தேன். கை தானாக வீசியது. கால்கள் எனக்கு முன்பே தெரிந்த ஏதோ ஒன்றைச் செய்தன. வேறு எதுவும் ஆடவில்லை. அரைச் சுற்றுகூட ஆகவில்லை, மூச்சு முட்டி நின்றுவிட்டேன். நின்றதும் அழுகை வந்தது. சந்தோஷம் என்று அதைச் சொல்ல மாட்டேன். உள்ளங்கைக்குள் சுருட்டி வைத்துவிடக்கூடிய ஒரு துணி. இது இல்லாமல் போனதற்காகவா இத்தனை வருடம்?

அக்கா சித்தூரில் இருக்கிறாள். உடம்பு பருத்து முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. உட்கார்ந்தால் எழுவதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும் குத்துமதிப்பாக ஓர் அளவில் எல்லாம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பையைப் பிரித்தவள் உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சுவரைப் பிடித்து எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினாள்.

"எனக்கு எதுக்குடி இதெல்லாம் இப்போ?"

நான் மைதானத்தில் ஓடியதைச் சொன்னேன். பாதியில் நின்று அழுததையும் சொன்னேன். அவள் வெகுநேரம் அந்தத் துணியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நான் குண்டு எறிவேன், தெரியுமா ஒனக்கு?" என்றாள்.

எனக்குத் தெரியாது.

"நீ அப்போ சின்னப் பொண்ணு. எட்டாவதுல நான்தான் ஃபர்ஸ்ட். அடுத்த வருசம் எனக்கும் அப்டித்தான் ஆச்சி. ஒருத்தன் என்னமோ சொன்னான், எல்லாரும் சிரிச்சானுங்க. நான் யாருகிட்டயும் சொல்லல, நின்னுட்டேன், அவ்ளோதான்." என் முகத்தைப் பார்த்தாள். "ஒன்ன நிறுத்துனது நான்தான. கோவமாடி?"

"இல்லக்கா."

"வேற இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரில."

யாருக்குத் தெரிந்திருந்தது? அவளுக்குப் பதினேழு வயது. தன்னிடம் இருந்த ஒரே வழியை எனக்கும் காட்டினாள். ஒரே வீட்டில் ஒரே பாயில் படுத்துத் தூங்கிய இரண்டு பேர். ஒருத்தி நின்றது மற்றவளுக்குத் தெரியவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

நான் கொண்டுபோன அளவு அவளுக்குச் சிறியதாக இருந்தது. மாற்றிக் கொடுத்தேன். முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர், நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்த உடுப்பில்தான் செய்கிறாள். முதுகு வலி பரவாயில்லை என்று போனில் சொன்னாள். தெருக்கோடிவரை நடந்துவிட்டு வருகிறாளாம், ஆனால் மேலே நைட்டியைப் போட்டுக்கொண்டு.

போன மாதம் இங்கே வந்து இரண்டு நாள் தங்கினாள். காலையில் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். கொஞ்ச தூரம் என் கையைப் பிடித்து நடந்தவள், சிமெண்டு பெஞ்சைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ ஓடு. நான் பாத்துக்கினு இருக்கறேன்."

எதிர்ப்பக்கத்துக் கோல் கம்பம்வரை ஓடினேன். அதற்குமேல் முடியவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து திரும்பினேன்.

"அவ்ளோதானா?" என்று கேட்டாள்.

"இப்போ அவ்ளோதான்க்கா வருது."

அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். நான் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். வெயில் ஏறத் தொடங்கியதும், "வா, இட்லி துன்னுட்டுப் போலாம்" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.