தூறலுக்குப் பயந்த புரட்டாசி

புரட்டாசியில் ஒரு காலை, கொடியில் கிடந்த பிள்ளைகளின் துணிமேல் பொட்டுப் பொட்டாகத் தூறல் விழுந்தது. எங்கள் பக்கத்தில் தூறல் விழுந்தால் வானத்தைப் பார்த்துக் கும்பிடுவார்கள். நான் கும்பிடவில்லை. "பெஞ்சா ஒழுங்காப் பெய்யி, இல்லேன்னா போயித் தொலை" என்று மேகத்தைப் பார்த்துச் சத்தம் போட்டேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "ஏட்டி, மழையவா வையுத?" என்று கேட்டாள். மழையைத்தான் வைதேன். அவ்வளவு பயம் எனக்கு.

எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். கரிசல் காடு. மழை விழுந்தபின் உள்ளே கால் வைக்க முடியாது, சேறு முழங்காலைப் பிடித்துக்கொள்ளும். அதனால் மழைக்கு முன்பே, காய்ந்த புழுதியிலேயே விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்போம். நல்ல மழை சேர்ந்து பெய்தால் விதை பிழைக்கும். மழையே இல்லாவிட்டாலும் கொஞ்ச நாள் புழுதிக்குள் தூங்கிக் கிடக்கும். கெடுப்பது அரைகுறைத் தூறல்தான். விதையை எழுப்பிவிட்டு அது போய்விடும், பின்னால் வருகிற வெயில் முளையைக் கருக்கிவிடும்.

இந்தக் கதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் என்பதால்தான் என்னைச் சம்பளக்காரருக்குக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் கோவில்பட்டியிலிருந்து சென்னை போகும் பேருந்தில் நடத்துநர். தாமதமாக நடந்த கல்யாணம். மூத்தவள் ஒன்றாம் வகுப்புக்கும் சின்னவன் அங்கன்வாடிக்கும் போகத் தொடங்கியபோது அவருக்குக் காதோரம் நரைத்திருந்தது. ராத்திரியெல்லாம் வண்டியில் இருப்பார், வீட்டில் இருக்கிற பகலில் தூங்குவார். "சத்தம் போடாதீங்கலே, அப்பா தூங்குதாவ" என்பதுதான் பிள்ளைகளிடம் நான் அதிகமாகச் சொன்ன வார்த்தை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். ஏன் என்று கேட்டதற்கு, "பஸ்ல டிக்கெட் கிழிச்சுக் குடுத்த பிள்ளைக மூஞ்சியெல்லாம் ஞாபகத்துல நிக்குது. நம்ம பிள்ளைக மூஞ்சி நிக்க மாட்டேங்குது" என்றார். எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தா சோறு பொங்கிருமா?" என்று கேட்டேன். எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெற மூன்று மாதக் கெடு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு பேச்சு வைத்தேன். அவர் அப்பா விட்டுப்போன காட்டில் விதைக்கட்டும். விதை பிழைத்தால் அவர் இஷ்டம். பட்டுப்போனால் கெடுவுக்குள் போய் வேலையைத் திரும்பப் பெற வேண்டும். அவர் தலையாட்டினார்.

சேர்த்துவைத்த விடுப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். மகளுக்கு அவர் போட்டுவிடும் ரெட்டைச் சடையில் ஒன்று காதுக்கு மேலும் ஒன்று பிடரியிலும் நிற்கும், அவளோ அதை அவிழ்க்க விடமாட்டாள். சின்னவனுக்கு அவர் ஊட்டினால்தான் சோறு இறங்கும். நானோ வேண்டுமென்றே நாட்களை எண்ணுகிற ஆளாக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன். கெடு நெருங்க நெருங்க அவருக்குக் கை பரபரத்தது. மழை இன்னும் நெருங்கட்டும் என்று மற்றவர்கள் பொறுத்திருக்க, இவர் முந்திக்கொண்டு மக்காச்சோளத்தைப் புழுதியில் போட்டுவிட்டார்.

நான் வைத தூறல் அதன்மேல் விழுந்ததுதான். ஒரு பொழுது நனைத்துவிட்டு ஓடிப்போனது. முளை ஊசிபோல எட்டிப் பார்த்தது. பிறகு அடித்த வெயிலில் காடு முழுக்க வைக்கோல் நிறமாகிவிட்டது. அவர் ஒரு முளையைப் பிடுங்கி விரலில் தேய்த்துப் பார்த்தார், அது பொடிந்தது. ஜெயித்தவள் நான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கெடு முடிய ஒருநாள் இருந்தபோது காலையில் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பிள்ளைகள் அழுது புரளப்போகிறார்கள் என்று நான் மனதைக் கல்லாக்கி வைத்திருந்தேன். மகள் எட்டாத கையால் பையை எடுத்துக் கொடுத்தாள். சின்னவன், "டாட்டாப்பா" என்று கையாட்டிவிட்டு டயரை உருட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டான். அவ்வளவுதான். அப்பா என்றால் போகிற ஆள் என்று அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அவர் வாசல்நடையைத் தாண்டியபோது, "கழத்துங்க அந்தச் சட்டைய" என்றேன். திரும்பிப் பார்த்தார். "நாளையோட கெடு முடிஞ்சிரும்ட்டி. பெறகு நெனைச்சாலும் முடியாது" என்றார்.

"முடியட்டும். மக்காச்சோளத்துக்கு நாள் பிந்திப்போச்சு. உளுந்தப் போடுங்க. இந்தத் தடவ நான் சொல்லுதப்ப போடணும்."

அந்த உளுந்து ஐப்பசி மழையில் சுமாராக விளைந்தது. அடுத்த வருசம் பூச்சி, அதற்கடுத்த வருசம் பரவாயில்லை. சம்பளம் வந்த நாட்களின் நிம்மதி போனது போனதுதான், அதை இன்றும் அவரிடம் சொல்லிக் காட்டுகிறேன். ஆனால் இப்போது அவர் ஓட்டப்பிடாரம் வரை போய்வரச் செருப்பை மாட்டினாலே சின்னவன் காலைக் கட்டிக்கொண்டு ஊரைக் கூட்டி அழுகிறான். சமாதானப்படுத்த நான் போவதில்லை. நன்றாக அழட்டும் என்று விட்டுவிடுகிறேன்.